எதிரொலிக்கு வேண்டிய தூரம்

பிப்ரவரி 3

மச்சான் அவர்களுக்கு,

வணக்கம். இங்கே நலம். அங்கே நலமா என்று கேட்பது முறை, கேட்டுவிட்டேன்.

இரண்டு வருடம் கழித்து எழுதுகிறேன். இதைச் சமாதானக் கடிதம் என்று எண்ணிவிட வேண்டாம். அந்தச் சனிக்கிழமை என் முதலாளியையும் அவர் மனைவியையும் முதல் தடவையாக வீட்டுக்குச் சாப்பிட அழைத்திருந்தேன். வாரா வாரம் வருகிற நீங்களும் மேஜையில் இருக்க, எதிரொலியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். ஒரு வாக்கியத்தின் பாதியில் நான் மூச்சு வாங்க நின்றபோது மீதியை நீங்கள் சொல்லி முடித்தீர்கள், ஒரு வார்த்தை மாறாமல். "உங்க வீட்ல எதிரொலி நல்லாவே கேக்குது" என்றார் முதலாளி. அவர் மனைவி சிரித்ததில் அந்த அம்மாவுக்குப் புரையேறிவிட்டது. இன்றைக்கும் கடையில் நான் லென்ஸ் தேய்க்கிற மேஜைப் பக்கம் வந்தால், முதலாளி எதையும் இரண்டு தடவை சொல்லிவிட்டுத்தான் போகிறார்.

நான் உங்களிடம் கேட்பது வேறு. சனிக்கிழமை மேஜையில் பேசுவதற்கு எனக்கு ஒன்றும் கிடைப்பதில்லை. உங்கள் தங்கைக்கு அது வேண்டியிருக்கிறது. அண்ணன் வரவில்லையா என்று கேட்கிறாள். வாரத்துக்கு ஒரு விஷயம், அந்தக் காலத்தில் நாம் பேசிய மாதிரி, எழுதி அனுப்பினால் நான் சத்தமாகப் படித்துவிடுவேன். சின்னச் சின்ன வாக்கியங்களாக எழுதுங்கள். உங்களுக்கு அது கஷ்டம் என்று தெரியும்.

இப்படிக்கு,
உங்கள் தங்கையின் கணவன்


பிப்ரவரி 11

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உறையின் மேல் உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும் யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது என்றுதான் நினைத்தேன். பிரித்தால் பழைய புண். சரி, புண்ணாவது ஆறாமல் இருக்கிறதே, நம் உறவில் ஏதோ ஒன்று உயிரோடு இருக்கிறது.

என் பக்கத்தையும் கேளுங்கள். நான் உங்களைக் கேலி செய்யவில்லை. என் வாய்க்குள் இருந்ததைத்தான் நீங்கள் முதலில் எடுத்துப் பேசினீர்கள். ஒரு வாரமாக நான் தயார் செய்து வைத்திருந்த விஷயம் அது. எப்படி, எங்கே தயார் செய்தேன் என்பதைச் சொல்ல முடியாது, ஒருவருக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். நான் வாயைத் திறப்பதற்குள் நீங்கள் முதல் வரியிலிருந்து ஒப்பிக்கிறீர்கள். என்னை மடக்குவதற்காகவே மோப்பம் பிடித்துப் படித்துவிட்டு வந்திருக்கிறீர்கள் என்று தோன்றியது. ஆத்திரத்தில் மீதியைச் சொன்னேன். அதற்கு நீங்கள் சொன்ன பதிலும் எனக்கு வார்த்தை மாறாமல் ஞாபகம் இருக்கிறது. "சாப்பிட வந்தவங்க சாப்பிட்டுட்டுப் போகலாமே."

கல்யாணம் ஆகாதவன், வாரம் தவறாமல் தங்கை வீட்டில் கை நனைக்கிறவன். அவனைப் பார்த்து அதைச் சொல்லலாமா? கை கழுவாமல் எழுந்து வந்தேன். அடுத்த வாரமே கம்பெனியில் கேட்டு இந்தத் துறைமுகக் கிடங்குக்கு மாற்றல் வாங்கிக்கொண்டேன்.

இங்கே ஒரு மெஸ்ஸில் சாப்பாடு. நீளமான பலகை, சுவரைப் பார்த்து உட்கார வேண்டும். பக்கத்தில் கிரேன் ஓட்டுகிறவர் ஒருவர். முதல் மாதம் அவரிடம், கடல் தண்ணீர் உறைந்தால் அந்தப் பனிக்கட்டி கரிக்குமா என்று கேட்டுப் பார்த்தேன். தட்டை எடுத்துக்கொண்டு இரண்டு இடம் தள்ளிப் போய் உட்கார்ந்துவிட்டார். அதிலிருந்து நானும் சுவரும்தான். சுவர் நல்ல பழக்கம், குறுக்கே பேசுவதில்லை.

நீங்கள் கேட்ட விஷயம் இதோ. சின்ன வாக்கியமாகவே எழுதுகிறேன். கொட்டாவி ஏன் தொற்றுகிறது? ஒருவர் விட்டால் எதிரில் இருப்பவரும் விடுகிறார். தூக்கம் வந்தால்தான் என்று இல்லை. எழுத்தில் பார்த்தாலே வந்துவிடும். நெருங்கிய மனிதர்களிடமிருந்து சீக்கிரம் தொற்றும் என்கிறார்கள். உறுதியாக யாருக்கும் தெரியாது. நம் நீதிபதி அம்மாள், என் தங்கை, வழக்கம்போல் கரண்டியால் மேஜையைத் தட்டித் தீர்ப்புச் சொல்லட்டும். ஒரு தட்டு என்றால் போதும், அடுத்தவர் பேசலாம். இரண்டு தட்டு என்றால் புளுகுகிறாய். சட்டம் இன்னும் அமலில் இருக்கிறதா?

ஏன் அவளே எழுதவில்லை?

இப்படிக்கு,
சாப்பிட வந்தவன்


பிப்ரவரி 19

மச்சான் அவர்களுக்கு,

சனிக்கிழமை படித்தேன். நீங்கள் எழுதியது சரிதான், கொட்டாவி என்ற வார்த்தை வந்ததும் அவள் விட்டாள். பார்த்துக்கொண்டிருந்த நானும் விட்டேன். அவள் சிரித்தாள். கரண்டியை எடுத்து ஒரு தட்டு தட்டினாள். இந்த மேஜையில் அந்தச் சத்தம் கேட்டு வெகு நாளாகிவிட்டது. இரண்டாவது தடவையும் படிக்கச் சொன்னாள். படித்தேன். மூன்றாவது தடவையும்.

உங்கள் கடிதத்தில் ஓர் இடத்தை மட்டும் என்னால் விழுங்க முடியவில்லை. நான் மோப்பம் பிடித்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் வாக்குக் கொடுத்த மாதிரி நானும் ஒருவருக்குக் கொடுத்திருந்தேன். என் மரியாதையைக் காப்பாற்ற அதை மீறுகிறேன்.

நான் படித்தவன் இல்லை. பள்ளிக்கூடத்தோடு சரி, அதற்குப் பிறகு லென்ஸ்தான். கல்யாணமான புதிதில் நீங்கள் மேஜையில் பேசுவதைக் கேட்டுக்கொண்டு தட்டையே பார்த்துக்கொண்டிருப்பேன். ஒரு நாள் அவள் வேலை செய்த நூலகத்திலிருந்து கலைக்களஞ்சியத்தில் ஒரு தொகுதியைக் காகிதப் பையில் வைத்துக் கொண்டுவந்தாள். சமையலறைக் கதவைச் சாத்திவிட்டு ஒரு பக்கத்தைக் காட்டினாள். "சனிக்கிழமை எங்க அண்ணன் இதப் பத்திக் கேள்வி கேப்பான். நீங்க பதில் சொல்லுங்க. நான் காட்டினேன்னு மட்டும் சொல்லிடாதீங்க" என்றாள். அன்றிலிருந்து ஒவ்வொரு வாரமும் இப்படித்தான். ஒரு வாரம் நீங்கள் அதையேதான் கேட்பீர்கள், அடுத்த வாரம் நான் கேட்க நீங்கள் அதையேதான் சொல்வீர்கள். அவளுக்கு எப்படித் தெரியும் என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை. அண்ணன் மனது தங்கைக்குத் தெரியாதா என்று விட்டுவிட்டேன்.

எதிரொலியும் அவள் காட்டிய பக்கம்தான். அந்தத் தடவை மட்டும், "நீங்களே ஆரம்பிங்க" என்றாள். ஆரம்பித்தேன். உங்களை மடக்குகிற அளவுக்கு நான் கெட்டிக்காரன் இல்லை, மச்சான்.

அடுத்த விஷயம் அனுப்புங்கள். இன்னும் சின்ன வாக்கியமாக இருந்தால் நல்லது.

இப்படிக்கு,
உங்கள் தங்கையின் கணவன்


பிப்ரவரி 26

மாப்பிள்ளைக்கு,

உங்கள் கடிதத்தைக் கிடங்கில் சரக்கு மூட்டைகளுக்கு நடுவே நின்று படித்தேன். படித்துவிட்டு ஒரு மூட்டை மேல் உட்கார்ந்தேன். மேற்பார்வையாளர் வந்து உடம்பு சரியில்லையா என்று விசாரித்துவிட்டுப் போனார்.

நீங்கள் உடைத்துவிட்டீர்கள், நானும் உடைக்கிறேன். எனக்கும் அவள்தான் கொடுத்தாள். ஒவ்வொரு வாரமும், அதே காகிதப் பையில். மதியம் என் ஆபீஸ் வாசலுக்கு வருவாள். "அண்ணே, எங்க வீட்டுக்காரர் இந்த விஷயம் நல்லாப் படிச்சு வெச்சிருக்காரு. நீ தெரியாத மாதிரி கேளு. எந்த இடத்துல கேக்கணும்னு மட்டும் பாத்துக்கோ" என்பாள். நான் கேட்பேன். நீங்கள் பதில் சொல்வீர்கள். பதில் தெரிந்தவனுக்கு அது தெரியாத முகத்தை வைத்துக்கொள்வது எவ்வளவு கஷ்டம் என்று நினைக்கிறீர்கள். பேச்சுக் கலையில் பாதி அதுதான், சொல்லாமல் இருப்பது. அடுத்த வாரம் மாற்றிக் கொடுப்பாள், நான் சொல்ல நீங்கள் கேட்பீர்கள். நாம் இரண்டு பேரும் நுனிப்புல் மேய்ந்தவர்கள்தான். அவள் புல்லை வெட்டி ஆளுக்கொரு கட்டாகப் போட்டிருக்கிறாள், அதில் பெரிய மேதைகள் மாதிரி அசைபோட்டிருக்கிறோம்.

இத்தனை வருடத்தில் அவள் ஒரு தடவை கூடப் பிசகியதில்லை. கேள்வி ஒருவருக்கு, பதில் ஒருவருக்கு. அந்த ஒரு வாரம் மட்டும் எனக்கும் பதிலைக் கொடுத்திருக்கிறாள். என்னிடமும் "நீயே ஆரம்பி" என்றுதான் சொன்னாள். விருந்தாளிகள் வந்த அன்றைக்கா இப்படிச் செய்வாள்? நம்மை மோத விட்டு வேடிக்கை பார்த்தாளா? சின்ன வயதில் அந்தக் குறும்பு உண்டு, இரண்டு பேருக்கும் ஒரே பொம்மையைத் தருவதாகச் சொல்லிவிட்டு ஒளிந்து நின்று பார்ப்பாள். விளையாட்டு என்றால் எனக்குக் கோபம்தான். இரண்டு வருடமாகச் சுவரைப் பார்த்துச் சாப்பிடுகிறேன்.

அவளிடம் நேராகக் கேளுங்கள். அவள் கையால் எழுதிய பதில் எனக்கு வேண்டும். அது வரும்வரை விஷயம் எதுவும் அனுப்புவதாக இல்லை.

இப்படிக்கு,
அண்ணன்


மார்ச் 7

மச்சான்,

அவள் எழுத மாட்டாள். எழுதத் தெரியவில்லை. பேனாவைக் கையில் கொடுத்தால் மூடியைக் கழற்றி, மாட்டி, கழற்றிக்கொண்டே இருக்கிறாள்.

விளையாட்டு இல்லை மச்சான். அவள் மறந்துவிட்டாள். யாருக்கு எதைக் கொடுத்தோம் என்பதை மறந்து இரண்டு பேருக்கும் அதையே கொடுத்துவிட்டாள். அதுதான் முதல் தடவை. அது நமக்குத் தெரியவில்லை. கொட்டாவி எப்படித் தொற்றுகிறது, எதிரொலிக்கு எத்தனை மீட்டர் வேண்டும் என்பதெல்லாம் தெரிந்த இரண்டு பேர் எதிரும் புதிருமாக உட்கார்ந்து மானம் மரியாதை பேசிக்கொண்டிருந்தோம்.

அன்று எல்லோரும் போன பிறகு பாத்திரம் கழுவுகிற இடத்தில் நின்றுகொண்டு, "ஏன் ரெண்டு பேரும் ஒரே பேச்சுப் பேசினீங்க?" என்று கேட்டாள். அண்ணனுக்குப் பரிந்து பேசுகிறாள் என்று நினைத்துப் போய்ப் படுத்துவிட்டேன். அடுத்த சில நாட்கள் "எங்கேயோ தப்புப் பண்ணிட்டேன், எங்கன்னுதான் தெரியல" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். உங்களுக்காக மன்னிப்புக் கேட்கிறாள் என்று எடுத்துக்கொண்டு, விடு என்றேன். அவள் என்னிடம் உதவி கேட்டிருக்கிறாள்.

பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. நூலகத்தில் திரும்பி வந்த புத்தகங்களைத் தலைகீழாக அடுக்கினாள். ஒரு மாலை வீட்டுக்கு வரும் வழி தெரியாமல் பேருந்து நிறுத்தத்திலேயே உட்கார்ந்திருந்தாள். நூலகத்தில் ஒரு பூங்கொத்துக் கொடுத்து அனுப்பிவைத்தார்கள். டாக்டர் சொன்னதை இங்கே எழுதப் போவதில்லை. குணமாகாது என்பதைச் சுற்றி வளைத்துச் சொன்னார்.

இப்போது நான் யார் என்று அவளுக்குத் தெரியவில்லை. காலையில் அவள் கண்ணாடியைத் துடைத்து மூக்கில் மாட்டிவிட்டு, கடையில் கேட்கிற பழக்கத்தில் "நல்லாத் தெரியுதாம்மா?" என்று கேட்பேன். "நல்லாத் தெரியுதுங்க. எங்க வீட்டுக்காரர் வந்தா அவருக்கும் ஒண்ணு போட்டுவிடுங்க, அவருக்கு இப்பல்லாம் பக்கத்துல இருக்கிறது தெரியறதில்ல" என்று ஒரு நாள் சொன்னாள். அதிலிருந்து நான் கண்ணாடிக்காரர். மரியாதையாகத்தான் பேசுகிறாள். வேளை தவறாமல் வருகிற ஆளாயிற்றே என்று நாற்காலி காட்டுகிறாள்.

உங்களை மறக்கவில்லை. இருட்டத் தொடங்கினால் அண்ணன் தட்டு எங்கே என்கிறாள். நான் உங்களுக்குத் தட்டு வைக்கிறேன். எனக்கு வைக்கும்போது, "உக்காருங்க, எங்க வீட்டுக்காரர் வர்றதுக்குள்ள சாப்பிட்டுடுங்க" என்கிறாள். உங்கள் மேல் எனக்குப் பொறாமையாக இருக்கிறது, சொல்லிவிட்டேன். இந்த வீட்டில் நான் ஒருத்தன் இருந்தும் அவள் எனக்காகக் காத்திருக்கிறாள். அவளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டே நான் தனியாக இருக்கிறேன். மேஜையில் பேசுவதற்கு எனக்குச் சொந்தமாக ஒரு வார்த்தை கிடையாது. இருந்ததெல்லாம் அவள் கொடுத்தது.

அவள் உங்களைக் கேட்கிற வரைக்கும்தான் நேரம் இருக்கிறது. அதற்குள் வாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் தங்கையின் கணவன்


மார்ச் 15

மாப்பிள்ளை,

மூன்று தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன். இதையாவது அனுப்பிவிட வேண்டும்.

லீவு கேட்டால் கொடுப்பார்கள், ரயிலும் இருக்கிறது. எனக்குப் பயமாக இருக்கிறது. தூரத்தில் இருக்கிற வரைக்கும் நான் அவளுக்கு வரப்போகிற அண்ணன். வாசலில் வந்து நின்றால் யாரோ ஒரு வழுக்கைத் தலை. நான் அங்கிருந்து வந்தபோது தலையில் முடி இருந்தது, மாப்பிள்ளை. "நீங்க யாருங்க, அண்ணன் வர நேரம்" என்று என்னிடமே சொல்லிவிட்டால்? உங்களையாவது நாற்காலி போட்டு உட்கார வைக்கிறாள். நான் வருவேன் என்று காத்திருப்பதாவது அவளுக்கு மிச்சம் இருக்கிறது. நானே வந்து அதையும் கெடுக்க வேண்டுமா?

வந்தால்தான் என்ன பேசுவது? அங்கே இருந்தவரை அவள் பை கொண்டுவராத வாரம் ஒன்றுகூட எனக்கு இருந்ததில்லை. இப்போது பார்த்தால் நான் பேசியது எதுவும் என்னுடையது இல்லை. நான் கேட்டது, வியந்தது, விவாதம் செய்து தோற்றது எல்லாம் அவள் சொல்லிக் கொடுத்தது. உங்களை மட்டம் தட்டுகிறேன் என்று நினைத்துக்கொண்டு அவள் வரியை அவளுக்கே ஒப்பித்திருக்கிறேன்.

விஷயங்கள் அனுப்புகிறேன், வாரம் இரண்டு கூட. வரச் சொல்லாதீர்கள். நேற்று மெஸ்ஸில் கிரேன்காரர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, அன்று கேட்டீர்களே, பனிக்கட்டி கரிக்குமா, அதற்குப் பதில் என்ன என்றார். இத்தனை நாள் அதை யோசித்துக்கொண்டிருந்திருக்கிறார் மனிதர். தெரியாது என்றேன்.

அண்ணன்


மார்ச் 23

மச்சான்,

உங்கள் கடிதம் வந்து நான்கு நாளாகிறது. பதில் என்ன எழுதுவது என்று தெரியாமல்தான் இருந்தேன். நேற்று சாயங்காலம் அவளே சொல்லிக் கொடுத்துவிட்டாள்.

கடையிலிருந்து வந்து சட்டையைக் கூட மாற்றவில்லை. என் முழங்கையைப் பிடித்துச் சமையலறைக்குள் இழுத்துப் போய்க் கதவைச் சாத்தினாள். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "கண்ணாடிக்காரரே, ஒரு உதவி பண்ணணும். சனிக்கிழமை எங்க அண்ணன் சாப்பிட வரான். எதிரொலி பத்திப் பேச்சு வரும். உங்களுக்குத் தெரிஞ்சிருந்தாலும் தெரியாத மாதிரி கேட்டுக்கங்க" என்றாள்.

"ஏம்மா அப்படி?" என்று கேட்டேன்.

"எங்க வீட்டுக்காரர் நாள் முழுக்கத் தலையைக் குனிஞ்சுக்கிட்டே வேலை பாக்கிறவரு. கடையில யாரும் அவரைப் பேச விடமாட்டாங்க. இங்க பேசினாத்தான் உண்டு. எங்க அண்ணனுக்கும் வீட்ல யாரும் கிடையாது. ரெண்டு பேருக்கும் சொல்றதுக்கு ஒண்ணு இருந்தா, வயிறாரச் சாப்பிடுவாங்க."

வாரா வாரம் அவள் அந்தக் காகிதப் பையில் புத்தகம் சுமந்ததற்கெல்லாம் இதுதான் காரணம் மச்சான். நாம் அறிவாளி ஆக வேண்டும் என்று அவள் நினைக்கவே இல்லை.

கேட்காமல் இருக்க முடியவில்லை. "உங்க வீட்டுக்காரர் நல்லாப் பேசுவாராம்மா?" என்றேன். "பேசுவாரு. கூச்சம் ஜாஸ்தி, நடுவுல நின்னுடுவாரு. நின்னா எங்க அண்ணன் எடுத்துக் குடுப்பான்" என்றாள்.

இந்த வரியை எழுதிவிட்டுப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். அன்று நீங்கள் செய்தது அதுதானாம். உங்கள் மனதில் இருந்தது ஆத்திரமாக இருக்கலாம், என் மனதில் இருந்தது அவமானமாக இருக்கலாம். கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு மேஜையின் தலைப்பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளுக்கு, நின்றுபோன புருஷனுக்கு அண்ணன் எடுத்துக் கொடுத்ததுதான் தெரிந்திருக்கிறது. அவள் தீர்ப்பு எனக்குச் சம்மதம்.

அடையாளம் தெரியாவிட்டால் என்ன செய்வது என்று கேட்டீர்கள். நான் தினமும் செய்வதைச் செய்யலாம். உங்களுக்கும் ஒரு பெயர் வைப்பாள், வைக்கட்டும். யாரோ இரண்டு பேர் அவள் வீட்டு மேஜையில் உட்கார்ந்து பேசுவார்கள். பேச்சு நடக்கிறது என்பது அவளுக்குத் தெரியும். தனியாக இதைத் தாங்க என்னால் முடியவில்லை மச்சான். அவளுக்காக மட்டும் கூப்பிடவில்லை.

சாப்பிட வந்தவர் என்று அன்று சொன்ன வார்த்தையைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். சாப்பிட வாருங்கள்.

நூலகத்தில் கேட்டு அந்தத் தொகுதியை வாங்கி வந்திருக்கிறேன். அவளுடைய காகிதப் பையிலேயே இருக்கிறது. அந்தப் பக்கத்தைக் கையால் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன், ரயிலில் படித்துக்கொண்டு வாருங்கள். சனிக்கிழமை நான்தான் ஆரம்பிப்பேன். குரல் கொடுப்பவருக்கும் எதிரே இருக்கும் சுவருக்கும் இடையே குறைந்தது பதினேழு மீட்டர் தூரமாவது இருந்தால்தான் என்பது வரைக்கும் சொல்வேன். அந்த இடத்தில் நான் நின்றுவிடுவேன்.

எடுத்துக் கொடுங்கள்.

இப்படிக்கு,
கண்ணாடிக்காரன்